எடைமேடை

அட்டையில் என் பெயர் செவனம்மாள்.
கப்பலூர்த் தகரக் கொட்டகையில், குளிர்பெட்டி மேல்
எழுதியிருந்த பெயர் வேறு:
பதினொன்று, கோடு, நான்கு.

மேலூர் தாண்டி நாற்கரச் சாலையோரம்
கல் லாரிகளுக்கு எடை போடுகிறேன்.
இரவு வேலை. சம்பளம் ஒன்பதாயிரம்,
கண் அசராமலிருக்க டீக்காசு தனி.
எனக்குத் தூக்கமே கிடையாதென்று தெரிந்தால்
டீக்காசு போய்விடும்.
அதனால் இரண்டு மணிக்கு மேல்
மேசையில் தலை சாய்த்து
வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்வேன்.
எச்சில் ஒழுகவிடுவது மட்டும்
பழகப் பழகத்தான் வந்தது.

வருடத்துக்கொரு முறை யாராவது வருவார்கள்.
இரத்தசோகை முகாம் என்பார்கள்.
அவர்கள் கையில் பட்டியல் இருக்கும்:
இருட்டில் பார்வை, நினைவு, புண் ஆறும் வேகம்.
விரலில் ஊசி குத்திக் கடிகாரம் பார்ப்பார்கள்.
நான் பஞ்சுக்குள் அந்தத் துளையை
நகத்தால் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருப்பேன்,
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்கு
எவ்வளவு நேரம் கசிந்ததோ அவ்வளவு நேரம்.

பட்டியலில் இல்லாதது ஒன்றுண்டு.
செய்தவர்களுக்கே தெரியாமல் உள்ளே வந்தது,
அரிசியோடு வந்த கல் மாதிரி.
செருப்பைக் கழற்றினால்
பாதம் கேட்கும்.
லாரி வளைவில் திரும்பும்போதே
முப்பத்தொரு டன், நானூறு கிலோ,
பின்னச்சில் ஒரு டயருக்குக் காத்து கம்மி,
ஓட்டுவது அடைக்கன்,
வீட்டில் சண்டை போட்டு வந்திருக்கிறான்.
திரையில் எண் அப்புறம்தான் எரியும்.
அது தப்பாக எரிந்த நாட்களில்
அதன் தப்பையே எழுதினேன்.

மார்கழியில் ஒரு செவ்வாய்.
பாதத்துக்குள் ஒரு நூல் அறுந்தது.
ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி,
குவாரியின் கிழக்குச் சுவர், எண்பதடி ஆழத்தில்.
பிறகு இன்னொன்று.
அங்கே விளக்குப் போட்டு நாற்பது பேர்
துளையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போனை எடுத்தேன், வைத்தேன்.
உனக்கெப்படித் தெரியும் என்பார்கள்.
அந்த ஒரு கேள்வி வராமல்
இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன்.
வெளியே ஆள்காட்டிக் குருவி
கத்திக்கொண்டு போயிற்று.
யார் வைத்தார்களோ அதற்கு அந்தப் பெயரை.

அடுத்த லாரி ஏறியது. இருபத்தொன்பது டன்.
'நாப்பத்தாறு. ஓவர்லோடு. எறக்கிட்டு வா' என்றேன்.
அடைக்கன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
அடுத்தது நாற்பத்தெட்டு என்றேன்.
அடுத்தது ஐம்பது.
யாரும் திரும்பவில்லை, யாரையும் தாண்டவும் விடவில்லை.
ஏழு லாரி, பதினோரு லாரி,
ஹாரன் சத்தம் கண்மாய்க்கரை வரை.
ஓனர் போனில் என் பிறப்பைச் சொல்லித் திட்டினார்.
பாவம், அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அங்கே ஏற்ற வண்டியில்லை,
வெட்டிய கல்லைத் தள்ள இடமில்லை.
மேஸ்திரி கனி ராவுத்தர்
அத்தனை ஆட்களையும் கூட்டிக்கொண்டு
என்னை அடிக்கவே வந்தார்.
கடப்பாரையைத் தோளில் போட்டபடி சிலர்,
வேடிக்கை பார்க்க மீதிப் பேர்.
மண்ணில் கால் ஊன்றி எண்ணினேன்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
ஒருவன் மட்டும் ஒண்ணுக்குப் போக ஒதுங்கி
சாவகாசமாக வந்தான்.

நாற்பது.

அப்புறம்தான் மலை உட்கார்ந்தது.

தூசி அடங்குவதற்குள் விடிந்துவிட்டது.
அழகர் காப்பாத்தினார் என்றார்கள்.
ராவுத்தர் அல்லாவைச் சொன்னார்.
தப்பாக எடை போட்டதற்கு
எனக்கு வேலை போயிற்று. நியாயம்தான்.
கணக்குத் தீர்க்கையில்
டீக்காசைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடைக்கன் மட்டும் பஸ் ஸ்டாப் வரை வந்தான்.
எதுவும் கேட்கவில்லை.
பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகு
ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
'செருப்பப் போட்டுக்கங்கக்கா.
ஆளுக பாக்குறாங்க.'